உள்ளே நனைந்த குடை

அத்தியாயம் 3

ஏழு மாதமாக ஒரு தூறல்கூட விழாத ஊரில், காலை பத்து மணிக்கு, ஒரு குடை சொட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வழக்கு நடுவரின் அறையில், கதவுக்குப் பின்னால், குடைத்தாங்கியில் அது சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர். ரேடியோ முதலில் அதில் வழுக்கினான். மேசையைப் பிடித்து நிமிர்ந்த பிறகுதான் எதில் வழுக்கினோம் என்று குனிந்து பார்த்தான்.

"அண்ணி! நேரா போய் மேகத்தக் கைது பண்ணிடலாம். தடயத்தக் கூடத் துடைக்காமப் போயிருக்கு."

அண்ணி திரும்பவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது, மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. வீட்டு வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ரேடியோ அவளுடைய கணவரின் தம்பி. கணவர் பல் மருத்துவர். நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பாரே தவிர, தன் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துத் தம்பி பேசிவிடுவான். முப்பத்திரண்டு வயதுக்குள் மூன்று வேலைகளிலிருந்து அவனை அனுப்பிவிட்டார்கள், மூன்றும் வாயால். நான்காவதாக அண்ணியிடம் வந்து சேர்ந்தான். அண்ணி இன்னும் அனுப்பவில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்தால், எதிரில் இருப்பவர்கள் அவளை மறந்துவிடுகிறார்கள். அது அவளுக்கு வசதி.

"எழுத்தர் சார், இன்னொரு தடவ சொல்லுங்க. நிதானமா" என்றாள் அண்ணி.

அலுவலக எழுத்தர் காலையிலிருந்து விக்கிக்கொண்டிருந்தார். விக்கலுக்கு நடுவே அவர் சொன்னது இதுதான். ஆறு மணலாகக் கிடக்கிறது. அணையிலிருந்து வருவது ஒரே வாய்க்கால். வயலுக்கு எடுத்தது போக, நகரத்துக்கென்று நூறு பங்கு விடுகிறோம் என்று மேல்மடை விவசாயிகள் சத்தியம் செய்கிறார்கள். தொண்ணூறுதான் வந்து சேர்கிறது என்று நகரம் சத்தியம் செய்கிறது. நடுவில் காணாமல் போகும் அந்தப் பத்துக்காகப் பதினோரு வருடமாக விசாரணை. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நடுவர் தீர்ப்பு சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு எழுத்தர் வந்து பார்த்தால் அறை திறந்து கிடக்கிறது, நடுவரைக் காணோம்.

"கடத்திட்டாங்கம்மா... விக்... அவங்களா இவங்களான்னுதான் தெரியல."

ஜன்னலுக்கு வெளியே 'அவங்களும்' இருந்தார்கள், 'இவங்களும்' இருந்தார்கள். இந்தப் பக்கம் டிராக்டர் நிறைய மேல்மடை விவசாயிகள். முன்னால் அவர்களுடைய தலைவர், பெரிய மீசை. அந்தப் பக்கம் ஒரு காலித் தண்ணீர் லாரி. அதைச் சுற்றி நகரத்து ஜனங்கள் கடப்பாரையோடு. நடுவில் நகரக் குடிநீர்ப் பொறியாளர், கண்ணில் தூக்கமில்லாத ஓர் அம்மாள்.

"பன்னெண்டு அடிச்சு தீர்ப்பு வரலைன்னா மதகு இறங்கிடும். சொட்டுத் தண்ணி கீழ வராது" என்று மீசை கத்தினார்.

"இறக்கிப் பாருங்க. ஆஸ்பத்திரித் தொட்டியில நாளைக்குக் காலை வரைக்கும்தான் தண்ணி இருக்கு. நாங்க வந்து மதகத் தூக்குவோம். நடுவுல யார் நின்னாலும் சரி" என்றார் பொறியாளர்.

கடப்பாரைகள் தரையில் 'ணங்' என்று ஒத்து ஊதின. எழுத்தருக்கு விக்கல் இரட்டிப்பானது.

அண்ணி சுவரைக் காட்டினாள். பழுப்பேறிய சுண்ணாம்பில், வட்டமாக ஓரிடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மேலே ஓர் ஆணி.

"இங்க என்ன இருந்துச்சு?"

"கடிகாரம்மா. நேத்து சாயந்தரம்கூட... விக்... ஓடிச்சு."

"வேற என்ன காணோம்?"

எழுத்தர் கூச்சப்பட்டார். "சொன்னா சிரிப்பீங்க. கழிவறையில இருந்த வாளி."

ரேடியோ சிரிக்கத்தான் செய்தான். "ஆளு, கடிகாரம், வாளி! இவன் கடத்த வந்தவனா, தனிக்குடித்தனம் போறவனா? நல்ல வேள, பாய் தலகாணிய விட்டு வச்சிருக்கான்."

"குடைய விரி" என்றாள் அண்ணி.

"வீட்டுக்குள்ளயா?"

"விரிடா தம்பி."

விரித்தான். மடிப்புகளுக்குள் ஒளிந்திருந்த ஒரு கரண்டித் தண்ணீர் 'சளக்'கென்று அவன் தலையில் கொட்டியது. அதோடு வேறு ஏதோ ஒன்று கழுத்துப் பட்டைக்குள் விழுந்து, முதுகுவழியே இறங்கி, உயிரோடு துள்ளியது.

அடுத்த அரை நிமிடம் ரேடியோ ஆடிய ஆட்டத்தை எந்த மேடையும் தாங்கியிருக்காது. நாற்காலி விழுந்தது. கோப்புகள் பறந்தன. சட்டையை உதறியபோது தரையில் விழுந்தது, ஒரு விரல் நீள மீன். வாயைத் திறந்து திறந்து மூடியது. அவனும் அப்படியேதான் செய்துகொண்டிருந்தான்.

ஒரு லாபம்: எழுத்தரின் விக்கல் அந்த அதிர்ச்சியில் நின்றுவிட்டது.

அண்ணி மீனைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விட்டாள். பிறகு குடையை வெளிப்புறம் தடவி விரலைக் காட்டினாள். காய்ந்த தூசி. உள்ளே தடவிக் காட்டினாள். ஈரம்.

"மழைக்குப் பிடிச்ச குடைன்னா எங்க நனையும்?"

"வெளிய."

"இது உள்ள நனைஞ்சிருக்கு. அப்போ?"

"தலகீழாப் பிடிச்சிருக்காரு" என்றான் ரேடியோ. "பாவம், பதினோரு வருஷம் இவங்க ரெண்டு தரப்பையும் கேட்டா யாருக்கும் அப்படித்தான் ஆகும்."

"புத்தி கலங்கல. தண்ணியப் பிடிச்சுப் பார்த்திருக்காரு. குடையில அளவு சரியா வரல. திரும்பி வந்து வாளிய எடுத்திருக்காரு. வாளி நிறைய எத்தன விநாடி ஆகுதுன்னு எண்ணணும். எழுத்தர் சார், நடுவரோட கைக்கடிகாரம்?"

"பழசும்மா. அதுல விநாடி முள்ளே கிடையாது."

"அதான் சுவர்க் கடிகாரமும் கூடப் போயிருக்கு. அவர யாரும் கடத்தல, அவராத்தான் போனாரு. ஏன் திரும்பல, அதுதான் கேள்வி."

ரேடியோ தம்ளரைத் தூக்கி மீனை முகத்துக்கு நேராகப் பிடித்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். திடீரென்று அவனுக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

"அண்ணி, குழாய்த் தண்ணில மீன் வராது. வடிகட்டித்தான விடுறாங்க. இது வாய்க்கால் மீன். ஆனா குடையில பிடிச்சிருக்காருன்னா தண்ணி மேலேர்ந்து விழுந்திருக்கணும். வாய்க்கால் எங்கயாவது தலைக்கு மேல..."

நிறுத்திவிட்டான். அவன் பாதி வாக்கியத்தில் நிறுத்தியதை அண்ணி அதுவரை பார்த்ததில்லை.

"தொட்டிப்பாலம்!"

அண்ணி ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்திருந்தாள்.

அணை வாய்க்கால், வறண்ட பழைய ஆற்றைக் குறுக்கே தாண்டும் இடம் தொட்டிப்பாலம். உயரமான தூண்களின் மேல் நீளமான சிமெண்டுத் தொட்டி. அதில் தண்ணீர் ஆற்றுக்கு மேலே ஓடி அக்கரை போகிறது. ஊரிலிருந்து ரெண்டு மைல். சாலை கிடையாது, முட்புதர்தான்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த ரேடியோ, ஒரு கையில் தம்ளரும் மறு கையில் குடையுமாக, காலால் வண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தவன் அலறினான்.

"அண்ணி, பின்னால டிராக்டர் வருது!"

"தெரியும்."

"அதுக்குப் பின்னால தண்ணி லாரி!"

"அதுவும் தெரியும். அவர எதிராளி எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு பார்க்க ரெண்டு பேருக்குமே ஆச. வரட்டும், சாட்சி வேணுமில்ல?"

பள்ளத்தில் ஸ்கூட்டர் எகிறியது. தம்ளரிலிருந்து மீனும் எகிறியது. ரேடியோ குடையை நீட்டி அதை அப்படியே பிடித்துத் தம்ளருக்குள் திருப்பிப் போட்டான். வாழ்க்கையில் அவன் பிடித்த முதல் கேட்ச். பார்க்க ஆள் இல்லையே என்று வருத்தப்பட்டான். டிராக்டரிலிருந்து கைதட்டல் கேட்டது.

முட்புதருக்குள் ஒற்றையடிப் பாதை குறுகியதும் அண்ணி வண்டியை நிறுத்தினாள். பெரிய வண்டிகள் பின்னால் புதரில் சிக்கி உறுமிக்கொண்டிருந்தன. இருவரும் நடந்தார்கள். இருபது அடிக்குப் பிறகு காற்றில் குளிர்ச்சி வந்தது. நாற்பது அடியில் புல் வந்தது, பச்சைப் புல். அப்புறம் ஒரு சத்தம். ரேடியோவுக்கு அது என்ன சத்தம் என்று பிடிபடவே சற்று நேரம் ஆனது, கேட்டு ஏழு மாதம் ஆகிவிட்டதே.

மழைச் சத்தம்.

தலைக்கு மேலே தொட்டிப்பாலம். அதன் நட்டநடுவில், சிமெண்டுத் தொட்டியின் இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பு வாய் பிளந்திருந்தது. அந்தப் பிளவிலிருந்து வரிசையாக, கயிறு கயிறாக, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு குளமே இருந்தது. குளத்தின் மறுகோடியில் தண்ணீர் வழிந்து, ஆற்று மணலுக்குள் இறங்கிக் காணாமல் போனது. குளம் முழுக்க வாத்து. வெள்ளை வாத்து, சாம்பல் வாத்து, மேலிருந்து விழும் தண்ணீரில் நின்று கழுத்தைச் சிலுப்பிக்கொண்டிருக்கும் வாத்து. மரக்கிளையில் சுவர்க் கடிகாரம் தொங்கியது. மணி பதினொன்று பத்து. அதன் கீழே கழிவறை வாளி.

ரேடியோ மீனைக் குளத்தில் விட்டான். "போய் வா. வழக்குல நீதான் முக்கிய சாட்சி. கூப்பிட்டா வரணும்."

"அங்கயே நில்லுங்க!"

கரையில் ஒரு தகரக் கொட்டகை. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதன் முன்னால், முழங்காலுக்கு மேல் சேலையைச் செருகிக்கொண்டு, மூங்கில் கழியோடு ஓர் அம்மாள் நின்றாள். வாத்துக்காரம்மா. கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறாள். ஆனால் கழியை ஓங்கியே பிடித்திருந்தாள்.

"நடுவர் உள்ளயா இருக்காரு?" என்று அண்ணி சாதாரணமாகக் கேட்டாள், பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல.

"இருக்காரு. என் வாத்துங்க எங்க போகும்னு சொல்லிட்டு வெளிய வரட்டும். எட்டு வருஷமா இங்க கெடக்கறோம். மேல யாரு வர்றா? அந்தப் பக்கத்து ஆளு பாலத்துல பாதி வரைக்கும் நடந்து வருவான், எல்லக் கோடு வந்ததும் திரும்பிடுவான். இந்தப் பக்கத்து ஆளும் அப்படித்தான். ரெண்டு பேரும் குனிஞ்சு கீழ பார்த்ததே இல்ல. இவரு ஒருத்தர்தான் காலை நடைக்கு வழி தப்பி வந்தாரு. திரும்பிப் போய் வாளியும் கடிகாரமும் கொண்டாந்து அளந்தாரு. இன்னிக்கே அடைக்கணும்னாரு. அதான் தீவனக் கொட்டகைக்குள்ள விட்டுத் தாழ் போட்டுட்டேன்."

கொட்டகையின் சின்ன ஜன்னலில் ஒரு மெலிந்த முகம் தோன்றியது. தலை முழுக்கத் தவிடு.

"யாரது? விசாரணை நடந்துட்டிருக்கு. சத்தம் போடாதீங்க" என்றார் நடுவர்.

"சார், உங்களக் கடத்திட்டாங்கன்னு ஊரே..." என்று ரேடியோ ஆரம்பித்தான்.

"கடத்தலா? இந்தம்மா மனு கொடுத்திருக்காங்க, நான் கேட்டுட்டிருக்கேன். விசாரணையப்போ கதவச் சாத்துறது வழக்கம்தான்." அவர் கண்கள் பளபளத்தன. பதினோரு வருடத்தில் அந்த மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க மாட்டார் என்று ரேடியோவுக்குத் தோன்றியது. "நானூத்துப் பன்னெண்டு வாத்துன்னாங்க. ஜன்னல் வழியா எண்ணிப் பார்த்தேன். சரியா நானூத்துப் பன்னெண்டு! என் முன்னாடி வந்து சரியான எண்ணிக்கை சொன்ன முதல் மனுதாரர் இவங்கதான்."

"தண்ணி எவ்வளவு சார்?" என்றாள் அண்ணி.

"ரெண்டு விநாடிக்கு ஒரு வாளி. இந்த மாதிரி அறுபத்துமூணு ஒழுக்கு. கூட்டிப் பார்த்தேன்மா..." அவர் குரல் தாழ்ந்தது. "நூத்துல பத்து. பிசகாம அதே பத்து. ஒருத்தரும் திருடல. மேல்மடைக்காரங்க நூறு விடுறதும் நெசம், கீழ தொண்ணூறு வர்றதும் நெசம். பதினோரு வருஷம் ஹால்ல உட்கார்ந்து கேட்டேனே, ஒரு நாள் எழுந்து நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அதற்குள் புதரைப் பிய்த்துக்கொண்டு இரண்டு கூட்டமும் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் மீசையும் முப்பது பேரும். மறு பக்கம் பொறியாளரும் கடப்பாரைகளும். எல்லோரும் வாயைத் திறந்தார்கள், கத்துவதற்கு. கத்தவில்லை. அண்ணாந்து பார்த்தார்கள்.

வானத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. எத்தனை நாளாயிற்று!

முதலில் ஓடியது யார் என்று தெரியவில்லை. அடுத்த நிமிடம் எல்லோரும் அடியில் நின்றார்கள். மேல்மடை, நகரம், கடப்பாரை, மண்வெட்டி, எல்லாம். ஒரு விவசாயி நகரத்துக்காரர் முதுகைத் தேய்த்துவிட்டார். தண்ணீர் லாரி டிரைவர் சட்டையோடு படுத்து உருண்டார். பொறியாளர் அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். முகத்தில் விழுந்த தண்ணீரில் அவர் அழுதாரா சிரித்தாரா என்று கண்டுபிடிக்க எந்தத் துப்பறியும் நிலையத்தாலும் முடியாது. மீசை நனைந்து தொங்கியதும், மேல்மடைத் தலைவர் யாரோ வேறு ஆள்போல ஆகிவிட்டார். வாத்துகள் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்று, இந்த நாகரிகமில்லாத கூட்டத்தைப் பார்த்தன.

இந்தச் சந்தோஷம் சரியாக நாலு நிமிடம் இருந்தது.

"இது எங்க தண்ணி!" என்றார் மீசை, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பிளந்திருக்கறது எங்க எல்லைக்குள்ள. இந்தப் பத்தும் இனி எங்களுக்கு."

"யாரு சொன்னது?" என்றார் பொறியாளர். "கோடு அதுக்கு ஒரு அடி அந்தாண்ட இருக்கு. இது நகரத்து ஒழுக்கு!"

"எங்க ஒழுக்கு!"

"எங்க ஒழுக்கு!"

கடப்பாரைகள் மறுபடி நிமிர்ந்தன. ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்தவர்கள் இப்போது சட்டையைப் பிடித்தார்கள். வாத்துக்காரம்மா கழியோடு கொட்டகைக் கதவில் சாய்ந்தாள். கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தைந்து.

அண்ணி ரேடியோவின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டே வாக்கியம். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. மூன்று வேலைகளைத் தின்ற அந்தக் குரலுக்கு முழு வேலை கிடைத்துவிட்டது. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினான்.

"பொதுமக்கள் கவனத்திற்கு! ஒழுக்குக்கு உரிமை கொண்டாடுறவங்க தயவுசெஞ்சு முன்னால வந்து கையெழுத்துப் போடவும்! ஒழுக்கு யாருதோ, பாலத்தோட அந்த இணைப்பும் அவங்களுது. இணைப்பு யாருதோ, பதினோரு வருஷமா அதப் பழுது பார்க்காம, ஊர்த் தண்ணியில பத்துல ஒரு பங்க மணல்ல விட்டதும் அவங்கதான்! முதல்ல யாரு? அண்ணாச்சி, நீங்களா? மேடம், நீங்களா? தள்ளாதீங்க, வரிசையில வாங்க!"

மீசை ஒரு அடி பின்னால் வைத்தார். பொறியாளர் இரண்டு அடி வைத்தார்.

"கோடு... கொஞ்சம் அந்தாண்ட இருக்கும்னு நெனக்கிறேன்" என்றார் மீசை.

"இல்லயில்ல, நீங்க சொன்னதுதான் சரி. உங்க எல்லதான்" என்றார் பொறியாளர், முதன்முறையாக மிகுந்த மரியாதையோடு.

"அய்யய்யோ, உங்களுதுதாம்மா!"

"எங்களுது இல்லவே இல்ல!"

ஜன்னலில் நடுவர் தொண்டையைக் கனைத்தார். தவிடு படிந்த அந்தத் தலைக்கு ஒரு கம்பீரம் வந்திருந்தது.

"மூணு தடவ கேட்பேன். இந்த ஒழுக்கு மேல்மடையோடதா?"

"இல்லைங்க."

"நகரத்தோடதா?"

"கிடையாதுங்க."

இரண்டாம் தடவை கேட்டார். அதே பதில். மூன்றாம் தடவை கேட்டபோது, சத்தம் போட்டு மறுத்தார்கள், எழுபது பேரும் சேர்ந்து. பதினோரு வருடத்தில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அந்தச் சத்தம் ஓய்ந்ததும் வாத்துக்காரம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"யாருக்குமே வேணாமா? அப்போ அது என்னோடதுங்க."

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். அண்ணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரியாதவள்போல. அவள் காதில் சொன்ன முதல் வாக்கியம் அறிவிப்பைப் பற்றியது. இரண்டாவது, 'அந்தம்மா பேசறப்போ மட்டும் நீ வாயத் திறக்காத' என்பது. உதட்டைப் பற்களுக்கு நடுவில் கடித்துக்கொண்டு நின்றான். உயிர் போகிற கஷ்டம்.

"எட்டு வருஷமா அனுபவிச்சிருக்காங்க. எதிர்த்து யாரும் இல்ல" என்றார் நடுவர். "ஒழுக்கு இந்தம்மாவோடது. ஆனா இணைப்பு ரெண்டு தரப்புக்கும் பொது. அடைக்கணும்னா ரெண்டு பேரும் சேர்ந்து அடைக்கணும், அதுவும் இவங்க அனுமதியோட. இதுதான் தீர்ப்பு."

கூட்டம் விழித்தது. மெதுவாக, ஒவ்வொருவராக, கொட்டகை வாசலில் நிற்பவள் பக்கம் திரும்பினார்கள். மீசை, தலைப்பாகையைக் கழற்றினார். பொறியாளர் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டார்.

"அம்மா..." என்றார் மீசை. "அந்தப் பத்து வந்தா சண்டையே இல்லம்மா. அடைக்க விடணும்."

"ஆஸ்பத்திரிக்கு வேணும், தாயி" என்றார் பொறியாளர்.

வாத்துக்காரம்மா குளத்தைப் பார்த்தாள். ரேடியோவும் சிரிப்பெல்லாம் போய் அந்தக் குளத்தையே பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டு உயிரும் அவள் ஒருத்தியும் எட்டு வருடம் பிழைத்த இடம்.

"அடைச்சுக்குங்க" என்றாள் கடைசியில். "தண்ணி இல்லாத வலி எனக்கும் தெரியும். ஆனா மொத்தத்தையும் அடைக்கக் கூடாது. இங்க ஒரு குழாய் வைக்கணும். எப்பவும் ஓடணும். ஒரு விரல் கனத்துக்கு."

கையை நீட்டி, கொட்டகைத் தாழ்ப்பாளை அவளே எடுத்தாள்.

நடுவர் தவிட்டைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார். எழுத ஒரு பலகை கேட்டார். ரேடியோ முதுகைக் கொடுத்தான். கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. 'ஒரு விரல் கனத்துக்கு ஒரு குழாய்' என்று எழுதியவர் நிறுத்தினார்.

"எந்த விரல்?"

"சுண்டு விரல்" என்றார் பொறியாளர் சட்டென்று, தன் விரலையே காட்டி.

"மோதிர விரல் வைக்கலாம்" என்றார் மீசை. "எங்க பங்குல குறையாதுன்னா."

"உங்க பங்குல ஏன் குறையாது? சரிபாதி குறையும்!"

"அதெப்படிங்க சரிபாதி..."

இரண்டு கூட்டமும் மூச்சை இழுத்துக்கொண்டு, கடப்பாரையைத் தேடிக் குனிந்தது.

வாத்துக்காரம்மா கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, தன் வலது கையின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எட்டு வருடம் தீவனம் கிளறிக் காய்த்துத் தடித்த விரல்.

"இது."

குனிந்தவர்கள் வெறுங்கையோடு நிமிர்ந்தார்கள். நடுவர் ரேடியோவின் முதுகில் பேனாவை அழுத்தி எழுதி முடித்தார்.